கண்ணெதிரே ஒரு பொருள் உருவானதைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள் (ஒவ்வொரு பதிலுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

சிவப்பு விளக்கு

எங்கள் ஊர் ஸ்டுடியோவில் பள்ளி விடுமுறையில் எடுபிடியாக இருந்தேன். ஹைப்போ (படத்தை நிலைக்கவைக்கும் ரசாயனம்) வாசம் தெரிந்தவர்களுக்கு டார்க்ரூமை, அதாவது படம் கழுவும் இருட்டறையை, நான் விவரிக்க வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பெரியவர் இறந்துவிட்டார். வீட்டில் அவருக்குத் தனிப்படமே இல்லை. ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோவில் பின்வரிசையில் நிற்கிறார், அவ்வளவுதான். அதன் நெகட்டிவ் ஸ்டுடியோவில் இருந்தது. காரியத்துக்குள் மாலை போடப் படம் வேண்டும் என்று மகன் வந்து நின்றார். ஸ்டுடியோ அண்ணன் என்லார்ஜரை (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) உச்சிவரை ஏற்றி, அந்த ஒரு முகம் மட்டும் பேப்பரில் விழும்படி வைத்தார். ஒரு கன்னம் கறுத்துவிடும் என்று, வெளிச்சம் விழும்போதே நடுவில் விரலை ஆட்டி ஆட்டி அந்த இடத்துக்கு மட்டும் நிழல் கொடுத்தார். கோடைக்காலம். டெவலப்பர் (பேப்பரில் படத்தை எழவைக்கும் கரைசல்) 20 டிகிரி தாண்டக்கூடாது என்று ட்ரேயைச் சுற்றி ஐஸ் கட்டி.

பேப்பரை உள்ளே விட்டதும் முதலில் கண்ணும் மீசையும்தான் வந்தன. கறுப்பாக வரவேண்டிய இடங்கள்தான் முதலில் எழும், வெள்ளைச் சட்டையின் மடிப்பெல்லாம் கடைசியில். அதனால் சில நொடிகள், வெற்றுத் தாளில் இரண்டு கண்கள் மட்டும் நம்மைப் பார்க்கும். மகன் எங்கள் பின்னால்தான் நின்றிருந்தார். "அப்பா" என்றார், கூப்பிடுகிற குரலில்.

என்னைக் குடைவது இதற்கு அப்புறம் நடந்தது. ஸ்டுடியோவை மூடியபோது அத்தனை நெகட்டிவும் எடைக்குப் போயின. அதில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்க வாங்குகிறார்கள் என்றார்கள். ஒரு ஊரின் முகங்கள் முழுக்க அதில் இருந்தன. யாருமே தடுக்கவில்லை.

அரசலாறு

சுவாமிமலையில் ஒரு பட்டறை. ஆர்டர் கொடுத்த குடும்பத்தோடு நானும் போயிருந்தேன், அம்மன் விக்கிரகம். தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் சேர்த்து உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் பூசி, கம்பி கட்டி, நிழலில் காயவைத்து, வறட்டி அடுக்கிச் சுட்டு மெழுகை வெளியேற்றுகிற கதை எல்லாருக்கும் தெரியும். மெழுகின் எடையைப்போல எட்டிலிருந்து பத்து மடங்கு உலோகம் வேண்டும். எல்லாம் முடிந்து, மெழுகு இருந்த இடத்தில் உலோகம் வார்த்து ஆறிய அச்சை உடைக்கிற நாளில்தான் நாங்கள் போனோம்.

மண் உதிர உதிர முகம் வந்தது, தோள் வந்தது. வலது கையில் வந்து நின்றது. இரண்டு விரல்களில் உலோகம் ஓடவே இல்லை. காற்று அடைத்துக்கொண்டதாம். ஸ்தபதி ஈரத்துணியால் அந்தக் கையைத் துடைத்துப் பார்த்தார். குடும்பத்துப் பெரியம்மா மெதுவாகக் கேட்டார்: "விரலை மட்டும் ஒட்டவைக்க முடியாதாங்க?" அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வழிபாட்டுக்குப் போறதும்மா. உருக்கிட்டு முதல்லேருந்து மெழுகுதான்." பக்கத்திலிருந்த பையனிடம் ஓலையை எடுத்துவரச் சொன்னார், அளவெடுக்க.

ஒரு அச்சுக்கு ஒரு விக்கிரகம்தான் என்பதை நான் பல தடவை படித்திருக்கிறேன். அந்த அச்சும் உடைந்து கிடக்க, விக்கிரகமும் இல்லை என்று ஆகிற நேரத்தை அன்றுதான் பார்த்தேன். அவர் முகத்தில் எரிச்சலே இல்லை. அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நெகட்டிவ் பெட்டி

சிவப்பு விளக்கு, உங்கள் பதிவைப் படித்து வருத்தமாக இருந்தது. ஆனால் "யாருமே தடுக்கவில்லை" என்பதை ஏற்கமாட்டேன். வாடகைக் கடையில் ஆயிரக்கணக்கான நெகட்டிவை எந்த ஸ்டுடியோக்காரர் காலத்துக்கும் வைத்திருப்பார்? டிஜிட்டல் வந்தபோது அவர்களுக்குச் சோற்றுக்கே வழியில்லை. நெகட்டிவை வாங்கி வைத்துக்கொள்ளாத குடும்பங்கள்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். என் தாத்தா படத்தின் நெகட்டிவை நான் கேட்டு வாங்கினேன், கேட்டதும் கொடுத்தார்கள். என் கதை இவ்வளவுதான்.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் பழைய படம் இருந்தால் தயவுசெய்து சில விஷயங்களைக் கவனியுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. பசைத்தாள் உள்ள ஆல்பத்திலிருந்து படங்களை இப்போதே எடுங்கள், அந்தப் பசை வருடங்கள் போகப்போகப் படத்தைக் கறையாக்கும். பிரேம் கண்ணாடியில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கவே கூடாது, கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். நெகட்டிவில் பூஞ்சை தெரிந்தால் தண்ணீர் பட விடாதீர்கள். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து, படமே வழிந்து போய்விடும். நம் கடலோர ஊர்களின் ஈரப்பதம்தான் முதல் எதிரி. காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் வைத்த டப்பாவில் வையுங்கள். ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும், வைத்துவிட்டு மறந்தால் பயனில்லை. கருப்பு வெள்ளையில் பிம்பம் என்பது வெள்ளி, ஒழுங்காக அலசியிருந்தால் நம்மைத் தாண்டியும் இருக்கும். எண்பதுகளின் கலர் பிரிண்ட் வெறும் சாயம், சுவரில் வெயில் பட்டால் வெளுத்துவிடும். ஆகவே ஸ்கேன் செய்ய உட்கார்ந்தால் கலரிலிருந்து தொடங்குங்கள். பின்புறம் பால்பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள், மென்மையான பென்சில் போதும். யார், எந்த ஊர் என்று கட்டாயம் எழுதுங்கள். பெயர் தெரியாத படத்தை அடுத்த தலைமுறை வைத்துக்கொள்ளாது.

அவுரித் தோட்டம்

விழுப்புரம் பக்கம் இன்னும் அவுரி, நீலச்சாயம் எடுக்கிற செடி, போடுகிறார்கள். தழையைத் தொட்டியில் ஊறவைத்து, அந்தச் சாற்றை அடுத்த தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் உள்ளே இறங்கிக் காலால் தண்ணீரை உதைத்து உதைத்துக் காற்றேற்றுவார்கள். நுரை பச்சையிலிருந்து நீலமாகும். அடியில் படிவதை வடிகட்டிக் காய்ச்சிக் கட்டியாக்குவார்கள். 1897-இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபிறகு இந்தத் தொழில் படுத்தது, இருந்தாலும் இங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் பார்த்தது சாயத்தொட்டி. சுண்ணாம்பு, வெல்லம், வேகவைத்த தகரை விதை போட்டுப் புளிக்கவைத்தது. சாயக்காரர் வெள்ளைத் துணியை முக்கி எடுத்தார். மஞ்சள் கலந்த பச்சை. தவறான தொட்டி என்று நினைத்தேன். உதறிப் பிடித்தார். மடிப்பு விரிந்த இடத்திலெல்லாம் நீலம் ஓடியது, என் கண் முன்னால், காற்று பட்ட வரிசையில். காரணம் ஆக்சிஜன்தான், வேதியியலில் படித்ததுதான். ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. தொட்டி கெட்டுவிட்டதா என்று அவர் மூக்கை வைத்தே சொல்வார். இந்தப் பொறுமையெல்லாம் காசுக்காக வருவதில்லை. அரசலாறு சொன்ன ஸ்தபதிக்கும் அதேதான்.

தறிவீடு

அவுரித் தோட்டம் அக்கா, பொறுமை காசுக்காக வருவதில்லை என்ற வரியை என்னால் அப்படியே விட முடியவில்லை. எங்கள் வீடு காஞ்சிபுரத்தில் தறி போட்ட வீடு. கோர்வைப் புடவையில் (கரையைத் தனி நிறத்தில் நெய்து உடலோடு கோர்ப்பது) உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா, அதாவது குறுக்கிழையைக் கொண்டு ஓடும் கட்டை, மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. அப்பா ஒரு பக்கம், மறுபக்கம் கரையைக் கோர்க்க அம்மா. முந்தானை வேறு நிறம் என்றால் பழைய பாவின் (நெடுக்கிழைகளின்) ஒவ்வொரு இழையையும் புதுப் பாவோடு பிணைக்க வேண்டும், பேட்னி என்போம்.

ஒரு பேட்னி அன்று புடவை வாங்க இரண்டு பேர் தறிக்கே வந்தார்கள். ரொம்ப நேரம் நின்று பார்த்தார்கள். "தெய்வீகமான வேலை" என்று ஒருவர் அப்பா கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் விலையில் பாதிக்குக் கேட்டார். அப்பா குனிந்தபடியே இழை முறுக்கிக்கொண்டிருந்தார். அம்மாதான் எழுந்து, "கடையிலேயே பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

மறுபக்கம் உட்காரும் ஆளுக்குத் தனிக்கூலி கிடையாது, நெய்கிறவர் கூலியிலிருந்துதான் போக வேண்டும். வீட்டுப் பெண் உட்கார்ந்தால் அதுவும் இல்லை. கோர்வை குறைந்துகொண்டே போவதற்குப் பெரிய காரணம் இது. பொறுமை காசுக்காக வருவதில்லை என்று வெளியிலிருந்து சொல்லும்போது, காசு கொடுக்காமல் இருப்பதற்கு அதுவே சாக்காகிவிடுகிறது. என் தம்பி இப்போது ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அவனுக்குப் பொறுமை குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வைகைக்கரை

தறிவீடு சொல்வது முழுக்கச் சரி. நான் கடம் வாசிக்கிறேன், மானாமதுரைக் கடம். செய்கிற இடத்துக்கே போய் வாங்குவேன். உள்ளே கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் ஆயிரக்கணக்கான தட்டு. அதில் பெரும்பங்கு பெண்கள் கை. மேடையில் என் பெயரைத்தான் சொல்வார்கள்.

போனமுறை, சூளையிலிருந்து வந்த கடங்களில் எனக்கு ஒன்று ரொம்பப் பிடித்திருந்தது. அங்கே கடம் தட்டுகிற அம்மா அதை வாங்கி, வயிற்றில் ஒரு தட்டு, கழுத்தில் ஒரு தட்டு. "இது வேணாம் தம்பி, ரெண்டு இடமும் ஒட்டலை" என்று ஒதுக்கிவிட்டார். என் காதுக்கு அந்தச் சுருதி வித்தியாசம் கேட்கவே இல்லை. அவர் எந்தக் கச்சேரிக்கும் போனதில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அடுத்த மாதம் மதுரையில் வாசிக்கிறேன், அழைத்திருக்கிறேன். அன்றைக்குத் தட்டுகிற வேலை இல்லையென்றால் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் கூலியையும் நானே கொடுக்கலாமா, கொடுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வாரா? தறிவீடு, நீங்கள் சொல்லுங்கள்.

தறிவீடு

கொடுங்கள். கடத்துக்கான பணத்தோடு சேர்க்காமல், தனியாக, இது உங்கள் நாள் கூலி என்று சொல்லியே கொடுங்கள்.