வீடற்ற மனநோயாளிகளின் உடல்நலம்: தனிக் குழு வேண்டுமா, எல்லோரும் போகும் கிளினிக்கே போதுமா?

வெண்மேகம்:
மனச்சிதைவு, பைபோலார் மாதிரி கடுமையான மனநோயோடு தெருவில் வாழ்கிறவர்களுக்கு சுகர், பிரஷர், புண், இருமல் எல்லாம் யார் பார்ப்பது? இவர்களுக்கென்றே ஒரு குழு வேண்டும் என்பது என் கட்சி. பொது மருத்துவர், செவிலியர், மனநல மருத்துவர் மூவரும் ஒன்றாக, நோயாளி இருக்கும் இடத்துக்கே போக வேண்டும். வழக்கமான கிளினிக்கில் முன்பதிவு, அடையாள அட்டை, நெருக்கியடிக்கும் காத்திருப்பு அறை. காதுக்குள் குரல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரால் அங்கே அரை மணி நேரம் உட்கார முடியாது, எழுந்து போய்விடுவார். நாமோ அவரை "ஒத்துழைக்காத நோயாளி" என்று எழுதி வைக்கிறோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1985இல் தொடங்கிய வீடற்றோர் மருத்துவத் திட்டம் தெருவுக்கே மருத்துவர்களை அனுப்புகிறது. ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் அளவுக்கு நோய் இல்லை, ஆனால் தெருவில் கிடந்தால் தேற மாட்டார் என்ற நிலையில் இருப்பவர்களுக்குத் தனிப் படுக்கைகளும் வைத்திருக்கிறது. அந்த வழிதான் சரி.

ஆறாம்விரல்:
எனக்கு உடன்பாடில்லை. தனி இடம் என்று ஒன்று வந்துவிட்டால் மற்ற எல்லாக் கிளினிக்குகளும் கதவைச் சாத்திக்கொள்ளும். "உங்களுக்கென்று அங்கே ஓர் இடம் இருக்கிறதே, அங்கே போங்கள்" என்பார்கள். இன்னொன்று. மனநோய் உள்ளவர் நெஞ்சு வலிக்கிறது என்றால் அதையும் மனநோய்க் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் மருத்துவர்களிடம் இருக்கிறது. இந்த நோயாளிகளைப் பார்க்கவே பார்க்காத மருத்துவரிடம் அந்தப் பழக்கம் எப்படிப் போகும்? கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் இதய நோய், சர்க்கரை நோய், தொற்று மாதிரி தடுக்கக்கூடிய காரணங்களால்தான். இதெல்லாம் எந்தக் கிளினிக்கிலும் பார்க்கிற நோய்கள். காத்திருப்பு அறைதான் பிரச்சினை என்றால் அதை மாற்றுங்கள். முன்பதிவு இல்லாமல் வருகிறவர்களுக்குத் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள்.

பனித்துளி:
நான் செவிலியர். இந்த நோயாளிகளிடம் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"எந்தக் கிளினிக்கிலும் பார்க்கிற நோய்கள்" என்பது பாதிதான் சரி. பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடும் ஒருவர் கால் வலி என்று வருகிறார். நாள் முழுக்க வெயிலில் இருந்திருக்கிறார், தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. வழக்கம்போல வலி மாத்திரை இபுப்ரோஃபென் எழுதிக் கொடுத்தால்? உடலில் நீர் குறைந்தாலும் லித்தியம் ரத்தத்தில் ஏறும், அந்த மாத்திரையாலும் ஏறும். இரண்டும் சேர்ந்தால் கை நடுக்கத்தில் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மனச்சிதைவுக்கான க்ளோசபின் மாத்திரை எடுப்பவருக்கு மலச்சிக்கல் என்றால் அதைச் சின்ன விஷயமாக விடக்கூடாது. குடல் இயக்கமே நின்றுபோய் இறந்தவர்கள் உண்டு. அதே க்ளோசபினும், அதே மாதிரி மனநோய் மருந்தான ஒலன்சபினும் ரத்தத்தில் இருக்கும் அளவு சிகரெட்டைப் பொறுத்தும் மாறும். புகை அந்த மருந்துகளைச் சீக்கிரம் கரைத்துவிடும். புகைக்க அனுமதியில்லாத விடுதியிலோ வார்டிலோ சேர்த்த சில நாட்களில், அதே டோஸ் அதிகமாகிவிடும். ஒலன்சபின் எடையையும் சுகரையும் ஏற்றுவது தனிக் கதை.

ஒரே ஆளுக்கு உடலும் மனமும் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மனநோய்க்கு மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு எங்களிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போதே பிரஷர் பார்த்து, விரல் குத்தி சுகர் பார்த்து, செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தையும் பார்த்துவிடலாம். பாதத்தை யாரும் பார்ப்பதே இல்லை, அது எனக்கு ஆறாத வருத்தம்.

ஆறாம்விரல்:
பனித்துளி, நீங்கள் சொன்ன அத்தனையும் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் இதற்குத் தேவை மருந்துப் பட்டியல் மருத்துவர் கண்ணில் படுவதும் பயிற்சியும்தான். தனிக் கட்டடம் எதற்கு?

பனித்துளி:
பட்டியல் யார் கையில் இருக்கும்? பையோடு தொலைந்துபோகும். கணினியில் இருக்கிறது என்றால், அவர் எந்தப் பெயரைச் சொல்லிப் பதிந்தார் என்று முதலில் தெரிய வேண்டும். முகம் தெரிந்த செவிலியர் இருந்தால் அந்தக் கேள்வியே வராது.

மாலைக்காற்று:
நீங்கள் எல்லோரும் கிளினிக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். இன்சுலினை எங்கே வைப்பார்? மாத்திரையை யார் திருடாமல் இருப்பார்கள்? புண்ணை எதில் கழுவுவார்? முதலில் வீடு கொடுங்கள். "சிகிச்சைக்கு ஒத்துக்கொண்டால்தான் வீடு" என்ற நிபந்தனையும் வேண்டாம். 1992இல் நியூயார்க்கில் இந்த முறையைத் தொடங்கினார்கள், நிபந்தனை இல்லாமலேயே பெரும்பாலோர் வீட்டில் நிலைத்தார்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வெண்மேகம்:
வீடு வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. "மற்றதெல்லாம் அப்புறம்" என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. கனடாவில் 2009இல் தொடங்கி ஐந்து நகரங்களில் 2,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து இதே முறையைச் சோதித்தார்கள். வீட்டில் நிலைத்திருப்பதில் பெரிய முன்னேற்றம் தெரிந்தது. உடல்நலத்திலும் மனநோய் அறிகுறிகளிலும் வீடு கிடைத்தவர்களுக்கும் வழக்கமான உதவி பெற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சாவி கொடுத்ததும் சுகர் இறங்கிவிடாது.

மாலைக்காற்று:
சுகர் இறங்கும் என்று நான் சொல்லவே இல்லை. ஒரு மனிதருக்குப் பூட்டக்கூடிய கதவு கிடைத்ததையே தோல்வி மாதிரி எழுதாதீர்கள். உங்கள் குழு அடுத்த வாரம் திரும்பி வரும்போது அவர் அதே இடத்தில் இருக்க வேண்டாமா? போலீஸ் கிளப்பிவிட்ட பிறகு எங்கே போய்த் தேடுவீர்கள்?

வெண்மேகம்:
தேடத்தான் செய்கிறோம். ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. குழுவையும் வீட்டையும் ஒரே நேரத்தில் கேட்போம் என்றால் நான் உங்கள் பக்கம்.

ஆறாம்விரல்:
சரி, தெருவுக்குப் போகும் குழுவை நானும் எதிர்க்கவில்லை. ஒரு நிபந்தனை வைக்கிறேன்: ஆள் கொஞ்சம் நிலைத்ததும், இத்தனை மாதத்துக்குள் வழக்கமான கிளினிக்கில் ஒப்படைக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதி வையுங்கள். இல்லையென்றால் வாழ்நாள் முழுக்க அவர் "வீடற்றவர்களின் கிளினிக்" நோயாளிதான், வீடு கிடைத்த பிறகும்.

பனித்துளி:
ஒப்படைக்கலாம், கெடு வைக்க வேண்டாம். சிலர் என்னிடம் பெயரைச் சொல்லவே பல மாதம் ஆனது. முதல் சில தடவை புதுக் கிளினிக்குக்கு நானே கூடப் போவேன். அங்கே உட்கார அவருக்குச் சம்மதமா என்று அவரையே கேட்பேன். வேண்டாம் என்றால் ஊசிக்கு எங்களிடமே வரட்டும்.

ஆறாம்விரல்:
கூடப் போவதற்கு ஆள் ஒதுக்குவார்கள் என்றால் கெடுவை விட்டுவிடுகிறேன். ஒதுக்காத இடத்தில் கெடு இருந்தே ஆக வேண்டும்.