குளச்சல் உப்புக் காற்றில் கேபிள் கறுக்கிறது: வழி சொல்லுங்கள்

ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்களுக்கு வணக்கம். கடலுக்குப் பக்கத்தில், 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) ஒரு இன்வர்ட்டட் வி ஆன்டெனா, அதாவது நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் கம்பி. வழக்கமான கணக்குப்படி 143-ஐ அதிர்வெண் 7.1 மெகாஹெர்ட்ஸால் வகுத்து மொத்த நீளம் 20.14 மீட்டர், ஒரு கைக்கு 10.07. நடு உயரம் 9 மீட்டர், ஆர்ஜி-58 கேபிள் 20 மீட்டர். கட்டிய புதிதில் எஸ்டபிள்யூஆர் (பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.3.

இப்போது 1.2-க்கும் கீழே காட்டுகிறது. சந்தோஷப்பட வேண்டாம், அதுதான் ஏமாற்று: திரும்பி வரும் பவரைக் கெட்ட கேபிளே விழுங்கிவிடுவதால் அளவு குறைகிறது. ஆன்டெனாவைக் கழற்றி, மேல்முனையைத் திறந்து விட்டு அளந்தால் 3 தான் வருகிறது. நல்ல கேபிள் என்றால் 10-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 3 என்றால் ஒரு வழி இழப்பு மட்டுமே 3 டிபி (டெசிபல்); பாதி பவர் கேபிளிலேயே சூடாகிப் போகிறது. மேல்முனையில் உறையை உரித்தால் பின்னல் கம்பி இரண்டு சாண் தூரத்துக்குக் கறுப்பு, சுரண்டினால் பச்சைத் தூள். வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்ததால் ஆனி, ஆடி மழைநீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் பின்னலுக்குள் பரவிவிட்டது.

வெள்ளீயம் பூசிய பின்னலுள்ள ஆர்ஜி-213 கேபிளை நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கடை உண்டா? தேங்காய்ப்பட்டணம் படகுகளில் விஎச்எஃப் வயர்லெஸ் செட்டுக்கு எந்தக் கேபிள் போடுகிறார்கள்?

கேபிள் ஆன்டெனாவோடு சேரும் மூட்டுக்குத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, மேலே பிவிசி டேப் போட யோசனை. புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், அந்த அமிலம் செம்பைத் தின்னும். வேறு நல்ல முறை இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று: ஆன்டெனாக் கம்பியின் ஒரு நுனி தென்னையில். காற்றில் மரம் ஆடும்போது கம்பி அறாமலிருக்க, கப்பியில் எத்தனை கிலோ எடை தொங்கவிடுகிறீர்கள்?