மஜ்ஜை மாற்று வார்டில் சந்தித்த ஒருவர்: உங்களுக்கும் உண்டா?

பவானிக்கரை:
பையனுக்குத் தலசீமியா (பிறவி ரத்தக் குறைபாடு). அவன் அக்காவோட மஜ்ஜை முழுப் பொருத்தம். கீமோ, ஹிக்மன் லைன் (நெஞ்சில் வைக்கிற மருந்துக் குழாய்), வாய்ப்புண் எல்லாம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான், அதற்குள் போகவில்லை. சொல்ல வந்தது பக்கத்து அறை அம்மாவைப் பற்றி.

அட்டெண்டர்களுக்கான சமையலறையில் பழக்கம். இரண்டு பேருக்கும் தினம் ஒரே வேலை: சின்ன குக்கரில் சாதம் பருப்பைக் குழைய வைத்து, மூடியைத் திறக்காமல் அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது. அவர் வங்காளம் பேசுவார், நான் தமிழ். கவுண்ட் (ரத்த அணு எண்ணிக்கை), ஃபீவர், பிளேட்லெட் என்று சொல்லி, மிச்சத்தை விரலால் காட்டிக்கொள்வோம். அவர் மகளுக்குக் கவுண்ட் ஏறவே இல்லை. ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை.

எங்கள் பையனுக்கு ஏ.என்.சி. (கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக் கவுண்ட்) 500 தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன அதே நாள் மதியம் அந்த அம்மா ஒரு பையோடு வந்தார். மாஸ்க் பெட்டி, மவுத்வாஷ், பிஸ்கட் பாக்கெட், தெர்மாமீட்டர். இரண்டடி தள்ளி நின்றுகொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார், திருப்பினார், ஒட்டின ஓரத்தில் நகத்தை ஓட்டிக் காட்டினார். பிரிக்காதது, பயப்படாதே என்று. கடைசியில் குக்கர். வெந்நீரில் கொதிக்க வைத்திருக்கிறார் போல, துண்டுக்குள் இன்னும் சூடாக இருந்தது. அழவில்லை. நான் "தேங்க்யூ" என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றுவரை தெரியவில்லை. இப்படி யாராவது உங்களுக்கும் உண்டா?

சாக்பீஸ்:
மைலோமா (ஒரு ரத்தப் புற்றுநோய்), என் ஸ்டெம் செல்லையே எடுத்து எனக்கு ஏற்றினார்கள். மெல்ஃபலான் கீமோ ஏறும்போது வாய் நிறைய ஐஸ் வைத்திருக்க வேண்டும். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி, வாய்த்தோலுக்கு மருந்து குறைவாகப் போகும், புண் குறையும். முப்பது வருஷம் வகுப்பில் பேசியே பிழைத்தவனை ஒரு சின்ன நர்ஸ் பெண் (கோட்டயத்துக்காரி) "சார், வாயை மூடுங்க" என்று மணிக்கணக்கில் மிரட்டினாள். பல் கூச்சம் தாங்காமல் துப்பப் பார்த்தால் உடனே கோப்பையோடு வந்து நிற்பாள்.

உறைய வைத்த செல்லைத் திரும்ப ஏற்றிய அன்று தொண்டையில் பூண்டு ருசி. அறை முழுக்க வேறு மணமாம், எனக்குத் தெரியவில்லை. உள்ளே வந்தவள் மாஸ்க்குக்கு மேலே மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சார், இங்கே சோளம் அவிச்சு விக்கறீங்களா?" என்றாள். செல் கெடாமல் இருக்கச் சேர்க்கிற டி.எம்.எஸ்.ஓ. மூச்சு வழியாக வெளியேறுகிற மணம் அது. தையல் பிரியும் அளவுக்குச் சிரித்தேன்.

பவானிக்கரை அம்மா, நீங்கள் தேங்க்யூ சொன்னதே போதும்.

நாமக்கல்காரன்:
போதுமா? இன்னொரு நோயாளி அறையிலிருந்து வந்த பொருளை எப்படி வாங்கினீர்கள்? சீல் இருந்தால் மேலே கிருமி ஒட்டாதா? ஏ.என்.சி. 500 என்பது நியூட்ரோஃபில் மட்டும். லிம்போசைட் (இன்னொரு வகை வெள்ளணு) தேற மாதக்கணக்காகும், பூஞ்சையும் சி.எம்.வி. வைரஸும் அதற்குப் பிறகுதான் வாலாட்டும். ஹெப்பா ஃபில்டர் போட்டுக் காற்றைச் சுத்தம் செய்துவிட்டு, கையில் பை வாங்குவதா? படிக்கிற புதியவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

பவானிக்கரை:
எதுவும் அறைக்குள் போகவில்லை, ஐயா. குக்கர் மட்டும் வீட்டில் இருக்கிறது. நான் கேட்டது அது இல்லை.

தலையாட்டி:
எனக்கு முடி வெட்ட வந்த அண்ணன். செல் ஏற்றிய அடுத்த வாரமே தலையணையெல்லாம் முடி. சாப்பாட்டில் விழுகிறது, லைன் பிளாஸ்டரில் ஒட்டுகிறது. சிஸ்டர் ஆள் அனுப்பினார். கவுன், மாஸ்க், கிளவுஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு சர்ஜன் மாதிரி வந்தார். பிளேடு கிடையாது, மெஷின்தான். பிளேட்லெட் எட்டாயிரத்தில் இருந்தால் ஒரு கீறலே போதும். ஆரம்பிப்பதற்கு முன் சீரியஸாகக் கேட்டார்: "பழநிக்கா, சமயபுரத்துக்கா?" எனக்குக் கோபம் வந்தது. "எதுக்கும் இல்ல" என்றேன். "அப்ப பாதியில நிறுத்தச் சொல்லலாம், சாமி குத்தம் ஆகாது" என்று மெஷினை ஆன் பண்ணினார்.

வெட்டி முடித்ததும் முடியை விரிப்போடு சுருட்டிக்கொண்டு, "முளைக்கறப்ப சுருட்டையா வரும், பாத்துக்க தம்பி" என்றார். வந்தது. ஆறு மாதம் சுருட்டை, அப்புறம் பழையபடி. அவரிடம் காட்டலாம் என்று ரிவியூவுக்குப் போகும்போதெல்லாம் தேடினேன், வேலையை விட்டுப் போய்விட்டாராம்.

மூன்றாம் மாடி:
மனைவிக்கு ஏ.எம்.எல். (ஒரு ரத்தப் புற்றுநோய்). டோனர் ரெஜிஸ்ட்ரி மூலம் கிடைத்த வெளிநாட்டு டோனர். டே ஜீரோவுக்கு (செல் ஏற்றுகிற நாள்) முந்தின ராத்திரி, செல்லைக் கொண்டுவந்த கூரியர்காரரை வராந்தாவில் பார்த்தேன். அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர். லேபில் ஆள் வந்து கையெழுத்துப் போடும்வரை காத்திருந்தார். பெட்டி மடியில், அதன் வார் மணிக்கட்டில் ஒரு சுற்று. டீ வாங்கிக் கொடுத்தேன், இடக்கையால் குடித்தார். ஏர்போர்ட்டில் எக்ஸ்ரேயில் போடக்கூடாது என்று காகிதத்தைக் காட்டி வாதாடித்தான் கொண்டுவந்தாராம். உள்ளே எப்போதும் 2 முதல் 8 டிகிரி, அதைப் பதிவு செய்ய ஒரு கருவி.

எந்த நாடு என்று கேட்டேன். சொல்லக்கூடாது என்றார். ஆணா பெண்ணா? தனக்கே தெரியாது என்றார். கொஞ்ச நேரம் கழித்து பாத்ரூம் எங்கே என்று கேட்டார். பெட்டியோடேயே போனார், பெட்டியோடேயே வந்தார். என் மாமியார் எழுந்து பெட்டியைக் கும்பிட்டார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் திருப்பிக் கும்பிட்டார்.

இப்போது மனைவியின் ரத்த வகை டோனருடையது, ஏ பாசிட்டிவ். கல்யாணத்தின்போது ஓ.

நாமக்கல்காரன்:
வெளிநாட்டு டோனருக்கு அவ்வளவு செலவு எதற்கு? அப்பா, அம்மா, பிள்ளை எல்லாரும் பாதிப் பொருத்தம் கட்டாயம் இருப்பார்கள். கூடப் பிறந்தவர்கள் முழுப் பொருத்தமாக இருக்க நாலில் ஒரு வாய்ப்புதான், அதனால் ஹாஃப் மேட்ச்தான் நம்ம ஊருக்குச் சரி. எனக்கு அப்பா கொடுத்தார். முதல் மூன்று நாள் அடித்த காய்ச்சலில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவையே யார் என்று கேட்டேனாம். மூன்றாம், நாலாம் நாள் சைக்ளோஃபாஸ்ஃபமைடு கீமோ போட்டதும் தணிந்தது. என் கதை அவ்வளவுதான்.

புதியவர்களுக்குச் சில விஷயம். எஸ்.டி.பி. (ஒரே ஆளிடமிருந்து எடுக்கும் பிளேட்லெட்) டோனர்களை அட்மிஷனுக்கு முன்பே பிடித்து வையுங்கள். பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும், வாங்கி அடுக்கி வைக்க முடியாது. ஒருவரே 48 மணி நேர இடைவெளி விட்டு மறுபடி கொடுக்கலாம். மாற்றுக்கு முன்னால் சொந்தக்காரர் ரத்தம் வேண்டாம், உடம்பு அதற்கு எதிராகப் பழகிவிடும். ஏற்றுகிற ரத்தம், பிளேட்லெட் எல்லாம் இர்ரேடியேட் (கதிர்வீச்சு) செய்ததா என்று பையில் ஸ்டிக்கரைப் பாருங்கள். கவுண்ட் வந்துவிட்டது என்று அதை விடாதீர்கள். சைக்ளோஸ்போரின் (எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து) லெவல் பார்க்கிற நாளில் ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரை. முதலில் விழுங்கிவிட்டால் அந்த ரிப்போர்ட் வீண். பம்பளிமாஸ் தொடவே கூடாது, மருந்து ரத்தத்தில் ஏறிவிடும். உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரிந்தால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள், ஜி.வி.எச்.டி.யாக (டோனர் செல் நம் உடம்பைத் தாக்குவது) இருக்கலாம், அன்றே சொல்லுங்கள். தயிர், பச்சடி, சட்னி எல்லாம் மறந்துவிடுங்கள். தலசீமியா குழந்தை என்றால் கோல் இந்தியாவின் தலசீமியா பால சேவா திட்டத்தில் 10 லட்சம் வரை கிடைக்கும், எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை, வேலூர் சி.எம்.சி. பட்டியலில் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டையும் கேட்டுப் பாருங்கள்.

சாக்பீஸ்:
தயிர் விஷயத்தில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி விதி மாறும், உங்கள் டயட்டீஷியன் சொல்வதைக் கேளுங்கள். எனக்குச் சட்னி தடை, ஆனால் சூடான சாம்பார் கொடுத்தார்கள். இட்லி இல்லாமல் நான் தேறியிருக்கவே மாட்டேன்.

மூன்றாம் மாடி:
நாமக்கல் அண்ணா, எங்களுக்கும் முதலில் ஹாஃப் மேட்ச்தான் சொன்னார்கள். மனைவிக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை, மாமனார் இல்லை, மாமியாருக்கு இதயத்தில் ஸ்டென்ட். மகன் ப்ளஸ் டூ முடித்து 18 ஆகியிருந்தது, சட்டையை மடக்கிக்கொண்டு தயாராக நின்றான். டெஸ்டில் மனைவி ரத்தத்தில் அவன் செல்லுக்கு எதிரான ஆன்டிபாடி ஏகத்துக்கும் இருந்தது. கர்ப்பத்திலேயே பிள்ளையின் எச்.எல்.ஏ.வுக்கு (பொருத்தம் பார்க்கிற செல் அடையாளம்) எதிராக அம்மா உடம்பில் அது உருவாகிவிடுவது உண்டு, கொடுத்தால் செல் ஒட்டாமல் போகலாம் என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். பையன் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அம்மாவுக்கு நான் அலர்ஜியா?" என்றான்.

அதனால்தான் வெளியே தேடினோம்.