புதுப்பிப்பு: போர்டு மீட்டிங்கில் எதிர்ப்பைப் பதிவு செய்வது

‘எல்லாரும் சரி என்கிற தீர்மானத்துக்கு ஒரே ஒரு இயக்குநர் எதிர்ப்புச் சொன்னால், மினிட்ஸில் (கூட்டத்தின் அதிகாரப்பூர்வக் குறிப்பில்) நிற்குமா?’ என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நின்றது.

கைகொடுத்தது, ‘பேச்சை நம்பாதீங்க, எழுதிக்கொண்டு போய் வாசிங்க’ என்ற யோசனை. வாக்கெடுப்புக்கு முன்பே வாசிக்க இரண்டே வரி: எந்தத் தீர்மானம், ஏன் உடன்பாடில்லை. குரல் நடுங்கினாலும் தாள் நடுவில் நிற்காது. அன்று மாலையே அதே வரிகள் கம்பெனி செக்ரட்டரிக்கு மின்னஞ்சலில் போயின.

இந்தியாவின் 2013 கம்பெனிகள் சட்டம், பிரிவு 118(4): எதிர்த்தவர், உடன்படாதவர் பெயர் மினிட்ஸில் இருக்கவேண்டும். ஆகவே ‘பதிவு பண்ணுங்க’ என்று கேட்பது சலுகை இல்லை.

எதிர்பாராதது மினிட்ஸ் வரைவில்தான். ‘ஏகமனதாக’ என்றே வந்தது. பழைய மினிட்ஸை நகலெடுக்கும் பழக்கம், வேறொன்றுமில்லை. போர்டு கூட்டங்களுக்கான எஸ்எஸ்-1 தரநிலைப்படி கூட்டம் முடிந்த 15 நாளுக்குள் வரைவு வரும். திருத்தம் சொல்ல 7 நாள். அதற்குள் வாய் திறக்காவிட்டால் நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே கணக்கு. மினிட்ஸ் புத்தகத்தில் ஏற 30 நாள். மின்னஞ்சலைக் காட்டியதும் திருத்தினார்கள்.

‘முன்கூட்டியே ஒருவரிடமாவது பேசிவையுங்கள்’ என்றதும் நல்ல யோசனை. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லிச் செய்த சோதனைகளில், மற்றவர்கள் தவறாகச் சொன்னாலும் பக்கத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னாலே பெரும்பான்மைக்குப் பணிவது வெகுவாகக் குறைந்தது. இங்கேயும் இன்னொருவர் ‘எனக்கும் உடன்பாடில்லை’ என்றார்.

வெளிநடப்பு செய்யச் சொன்ன யோசனையை எடுக்கவில்லை. எழுந்து போனால் எதிர்ப்பு என்று தானாக எழுதமாட்டார்கள்.