பச்சைத் தோலுக்குள் பழுத்துவிட்ட சாத்துக்குடி

பாபநாசம்:
எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சாத்துக்குடி மரம் இருக்கிறது. கோடையில் காய்ந்து கிடந்த மரம் சித்திரையில் பெய்த ஒரே மழைக்குப் பின் பூத்துக் குலுங்கியது. குளிர் நாடுகளில் பனிக்காலம் செய்யும் வேலையை நம் பக்கத்தில் வறட்சியே செய்கிறது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். மார்கழிக் கடைசியில் காய்கள் திரண்டுவிட்டன. கடைகளில் கண்ட மஞ்சள் நிறம் வரட்டும் என்று தையும் மாசியும் பறிக்காமல் காத்திருந்தேன். ஓரிரு காய்களில் மெல்ல ஓடியிருந்த மஞ்சளும் வெயில் ஏறியதும் பச்சைக்கே திரும்பியது. பங்குனியில் அறுத்துப் பார்த்தபோது காம்புப் பக்கத்துச் சுளைகள் வறண்டு சக்கையாகியிருந்தன. எஞ்சிய சாற்றில் புளிப்பே இல்லாததால் இனிப்பும் சப்பென்றிருந்தது.

தோலின் பச்சயம் சிதைந்து மஞ்சள் நிறமி வெளிப்பட வேண்டுமானால், இரவு வெப்பம் ஏறத்தாழ 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்க வேண்டும். நம் ஊரிலோ தை மாத விடியற்காலையில்கூட அது 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது (அதற்கே நாம் தலையில் துண்டைக் கட்டிக்கொள்கிறோம் என்பது வேறு). அதே வெப்பம் சாற்றிலுள்ள புளிப்பை மட்டும் விரைவாகக் குறைத்துவிடுகிறது. இப்போதெல்லாம் தோல் மழமழப்பாகி, கையில் எடுத்தால் கனக்கும் காய் ஒன்றை மார்கழியிலேயே அறுத்துச் சுவைத்துப் பார்த்த பிறகு மற்றவற்றைப் பறிக்கிறேன்.

மன்னார்குடி:
நாங்கள் இதற்கு நேர்மாறான தவற்றைச் செய்தோம். புயல் எச்சரிக்கைக்கு அஞ்சி, கார்த்திகைத் தொடக்கத்திலேயே காய்களை எல்லாம் பறித்து, மாங்காயைப் போல வைக்கோலுக்குள் புதைத்து வைத்தோம். பத்து நாளில் தோல் வெளிறிய மஞ்சளானது. புளிப்போ பறித்த அன்று இருந்தபடியே இருந்தது. மாவிலும் வாழையிலும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் பறித்த பின்னும் பழுக்கின்றன. அத்தகைய சேமிப்பு இல்லாத சாத்துக்குடி மரத்தில்தான் பழுத்தாக வேண்டும்.

மயிலாடுதுறை:
பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நிற்கும் கமலா ஆரஞ்சு மரங்களின் நிறத்தைக் கண்டு மயங்கி, கன்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன். காய்த்தது, இனிக்கவும் செய்தது. ஆனால் வாங்கிச் சென்ற பக்கத்து வீட்டார், அதை நார்த்தங்காய் என்று எண்ணி உப்பில் ஊறப் போட்டுவிட்டார்கள்.