கனடாவில் முதல் வேலை தேடுகிற தம்பி தங்கச்சிமாருக்கு: காசு எந்தப் பக்கம் போகிறது?

போன கிழமை ஸ்காபரோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கும்போது, வந்து மூன்று மாதமே ஆன ஒரு தம்பி போனை நீட்டினார். "அண்ணா, வேலை கிடைச்சிட்டுது. வீட்டில இருந்தே டேட்டா என்ட்ரி. மணிக்கு 34 டொலர்." இன்டர்வியூ எப்படி நடந்தது என்று கேட்டேன். டெலிகிராமில், எழுத்திலேயே, இருபது நிமிஷத்தில் முடிந்ததாம். ஒரு மனிதக் குரலைக்கூட அவர் கேட்கவில்லை. அடுத்த நாளே லப்டொப் வாங்க என்று 2,850 டொலருக்கு ஒரு செக்கின் படம் வந்திருந்தது. நல்ல காலம், அதை அவர் இன்னும் வங்கியில் போடவில்லை.

இது ஏமாற்று வேலை. இப்படியானவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வேலை என்றால் காசு உங்கள் பக்கம் வர வேண்டும், உங்களிடமிருந்து போகக்கூடாது. நான் இருப்பது ஒன்ராறியோவில். கீழே வரும் வேலைச் சட்டங்களில் பெரும்பாலானவை இந்த மாகாணத்துக்கு உரியவை. வேறு மாகாணத்தில் இருப்பவர்கள் உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த செக். போனில் படம் பிடித்துப் போட்டவுடன் கணக்கில் காசு ஏறினது போலத் தெரியும். வங்கி முன்கூட்டித் தருகிற காசு அது. செக் கள்ளச் செக் என்று தெரியவர சில நாளாகும், சிலவேளை இன்னும் கூட. அதற்குள் "மிச்சக் காசை எங்கள் லப்டொப் கடைக்காரருக்கு இ-ட்ரான்ஸ்பர் பண்ணுங்கள்" என்று அவசரப்படுத்துவார்கள். நீங்கள் அனுப்பியது உங்கள் சொந்தக் காசு. செக் திரும்பி வந்ததும் வங்கி உங்கள் தலையில்தான் கட்டும். லப்டொப் கொடுக்கிற கொம்பனி லப்டொப்பைத்தான் அனுப்பும், செக்கை அனுப்பாது.

ஹோட்டலுக்கு ரிவியூ போடு, வீடியோவுக்கு லைக் போடு, நாளுக்கு 200 டொலர் என்று வட்ஸ்அப்பில் வருகிறதும் இதே குடும்பம்தான். முதல் நாள் 40, 50 டொலர் உண்மையாகவே தருவார்கள். பிறகு "அடுத்த படிக்குப் போக" உங்களைக் கட்டச் சொல்வார்கள், அதுவும் கிரிப்டோவில். மேலே சொல்ல ஒன்றுமில்லை, பிளொக் பண்ணிவிடுங்கள்.

சின் நம்பர் (SIN, வேலைக்கும் வரிக்கும் அரசு தருகிற ஒன்பது இலக்க எண்) பற்றி நிறையப் பேர் குழம்புகிறார்கள். அதை யாருக்குமே கொடுக்கக்கூடாது என்று பயந்து உண்மையான முதலாளிக்கும் கொடுக்காமல் நின்ற ஆக்களையும் கண்டிருக்கிறேன். வேலை தொடங்கி மூன்று நாளுக்குள் முதலாளி அதைக் கேட்கத்தான் வேண்டும், அது சட்டம். விண்ணப்பப் படிவத்திலோ இன்டர்வியூவுக்கு முன்போ கேட்டால்தான் கொடுக்காதீர்கள். சம்பளம் போட வங்கிக் கணக்கு இலக்கம் கேட்பதும் வழமை. பாஸ்வேர்ட் கேட்பது ஒருநாளும் வழமை இல்லை.

இவையெல்லாம் ஒருமுறை கேள்விப்பட்டால் பிடிபட்டுவிடும். எனக்குப் பயம் மற்ற வகைதான்: உண்மையான கட்டடம், உண்மையான மனிதர்கள், கோட் சூட், கைகுலுக்கல்.

வந்த முதல் குளிர்காலத்தில் "மார்க்கெட்டிங் மேனேஜ்மென்ட் ட்ரெய்னி" என்று ஒரு வேலைக்குப் போனேன். பெயர் வேண்டாம். அலுவலகத்தில் பாட்டு பெரிதாகப் போய்க்கொண்டிருந்தது. பத்துப் பேரை ஒன்றாக இருத்திக் கதைத்தார்கள், பத்துப் பேருக்கும் வேலை. அதிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அடுத்த நாள் ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஏஜாக்ஸில் ஒரு தெருவில் இறக்கிவிட்டார்கள். பெப்ரவரி மாதம். கதவு கதவாகத் தட்ட வேண்டும். ஒன்பது மணித்தியாலம் நடந்தேன். ஒன்றும் விற்கவில்லை, ஒரு சதமும் வரவில்லை. ஒரு வீட்டு அம்மா தேத்தண்ணி தந்தா, அதுதான் அன்றைய வருமானம்.

குறைந்தபட்சச் சம்பளம் இருக்கே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஒன்ராறியோவில் அது 2025 அக்டோபர் 1 முதல் மணிக்கு 17.60 டொலர். ஆனால் முதலாளியின் இடத்துக்கு வெளியே அலைந்து கமிஷனுக்கு விற்கிறவர்களுக்கு அந்த விதியில் விலக்கு இருக்கிறது. ஆகவே இப்படிப்பட்ட வேலை சட்டத்துக்குள்ளேயே உங்கள் வயிற்றில் அடிக்கலாம். "ஒன்றும் விற்காத கிழமையில் எனக்கு எவ்வளவு வரும்?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல இடம் என்றால் ஒரு தொகை சொல்லும். மற்ற இடம் "நீ எவ்வளவு பெரிதாகக் கனவு காண்கிறாய் என்பதைப் பொறுத்தது" என்று தொடங்கும். எழும்பி வந்துவிடுங்கள். இன்னொன்று, ஃபேர்னஸ் (வீட்டைச் சூடாக்குகிற இயந்திரம்), ஏசி, வோட்டர் ஹீட்டர் போன்றவற்றை அழையாமல் வீட்டுவாசலில் போய் ஒப்பந்தம் போடுவது இங்கே 2018 மார்ச் 1 முதல் தடை. அதைச் செய்யச் சொல்லி அனுப்பினால் ஏச்சு விழுவது கதவு தட்டுகிற உங்களுக்குத்தான்.

"முதல் மூன்று நாள் ட்ரெய்னிங், சம்பளம் இல்லை" என்பது எங்கட கடைகளிலும் கேட்கிற வசனம். ட்ரெய்னிங்கும் வேலைதான், ட்ரையல் ஷிஃப்டும் வேலைதான், இரண்டுக்கும் சம்பளம் உண்டு. தெரிந்த மாமா, ஊர்க்காரர், அப்பாவோடு படித்தவர் என்று சொல்லித்தான் இது நடக்கும், அதனால் வாய் திறக்க மனம் வராது. எனக்கும் அப்போது வரவில்லை.

வேர்ஹவுஸ் வேலைக்கு ஏஜென்சி மூலம் போவது பிழையில்லை, நிறையப் பேர் அப்படித்தான் தொடங்கினோம். 2024 ஜூலை 1 முதல் ஒன்ராறியோவில் தற்காலிக வேலை ஏஜென்சிகளுக்கு லைசென்ஸ் கட்டாயம். யாரிடம் இருக்கிறது என்பதை மாகாண அரசின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம், ஐந்து நிமிஷ வேலை. பதிவுக் கட்டணம், ரெசுமே திருத்தக் கட்டணம் என்று ஏஜென்சி உங்களிடம் ஒன்றும் வாங்கக்கூடாது.

ஃபோர்க்லிஃப்ட் விஷயம் தனி. "300 டொலர் கட்டு, அரசாங்க லைசென்ஸும் வேலையும் சேர்த்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். கார் லைசென்ஸ் போல அரசாங்கம் கொடுக்கிற ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் என்று ஒன்று இங்கே இல்லை. ஓட்டுகிறவர் தகுதியானவர் என்று பார்க்கிற பொறுப்பு முதலாளியுடையது. பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் உதவும், அவ்வளவுதான். செக்யூரிட்டி வேலை அப்படியில்லை. அதற்கு 40 மணித்தியாலப் பயிற்சி, பரீட்சை, அரசு லைசென்ஸ் எல்லாம் உண்மையாகவே வேண்டும்.

இனி மனசுக்குக் கஷ்டமான பகுதி, எல்.எம்.ஐ.ஏ. (LMIA). வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி மத்திய அரசிடம் வாங்குகிற ஒப்புதல் அது. ஒரு இடத்துக்கான 1,000 டொலர் விண்ணப்பக் கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும், உங்களிடமிருந்து அதைத் திருப்பி எடுக்கக்கூடாது. ஆனாலும் ஆயிரக்கணக்கில் விலைபேசி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், தமிழிலேயே பேசி விற்கிறார்கள். "பி.ஆருக்குப் (நிரந்தர வதிவிடத்துக்கு) புள்ளி கூடும்" என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள்: புள்ளி போட்டு பி.ஆருக்கு ஆட்களைத் தெரிவுசெய்கிற எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை அழைப்புக்கு இருந்த புள்ளிகளை 2025 மார்ச் 25 அன்றே எடுத்துவிட்டார்கள். இல்லாத வேலையைக் காட்டி விண்ணப்பித்தால் பொய்த்தகவல் என்று ஐந்து வருடத் தடை வரலாம். வித்தவர் அப்போது போன் எடுக்கமாட்டார்.

கையில் காசு தருகிற வேலை பற்றி இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். நியாயம் சொல்ல எனக்கு முகமில்லை, நானும் செய்திருக்கிறேன். பே ஸ்டப் (சம்பளத் துண்டு) இல்லை, ரி-4 (வரிக்கான வருடச் சம்பளப் பத்திரம்) இல்லை, வேலை போனால் ஈ.ஐ.க்குக் (வேலையிழப்புக் காப்புறுதிக்குக்) காட்ட மணித்தியாலமும் இல்லை. கடைசி இரண்டு கிழமைச் சம்பளம் இன்றைக்கும் வரவில்லை. நான் அப்போது அறியாதது, சம்பளம் தராவிட்டால் இரண்டு வருடத்துக்குள் தொழில் அமைச்சுக்கு முறைப்பாடு செய்யலாம், செலவில்லை. 1-800-531-5551க்கு அடித்து விபரம் கேளுங்கள். எந்த நாள், எத்தனை மணி என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால் பிறகு கைகொடுக்கும்.

விளம்பரத்தைப் பார்த்தே கொஞ்சம் கணிக்கலாம். 2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கிற முதலாளிகள் பொது விளம்பரத்தில் சம்பளத்தையும், இப்போது உண்மையில் இடம் காலியா என்பதையும் போட வேண்டும். "கனடிய அனுபவம் வேண்டும்" என்று போடக்கூடாது. பெரிய கொம்பனி என்று சொல்லிக்கொண்டு இவை ஒன்றும் இல்லாமல் ஒரு ஜிமெயில் முகவரி மட்டும் இருந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

அந்தத் தம்பியின் கதைக்கு வருகிறேன். அழைப்புக் கடிதத்தில் இருந்தது உண்மையாகவே இருக்கிற ஒரு பெரிய கொம்பனியின் பெயர், லோகோவும் அச்சொட்டாக அதேதான். கடிதத்தில் இருந்த போன் நம்பரை விட்டுவிட்டு, அந்தக் கொம்பனியின் சொந்தத் தளத்துக்குப் போய் அங்கே இருந்த நம்பருக்கு அடிக்கச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டார். வேலை அழைப்பு என்று அவர் தொடங்கினதுமே ரிசெப்ஷனில் இருந்த பெண் பெருமூச்சு விட்டா. "டெலிகிராமா? இந்த மாதம் நீங்கள் ஆறாவது ஆள்."