வெண்ணெய் விற்ற பங்க் பாடகர்: துரோகமா, பிழைப்பா?

கரகரப்பு:
பங்க், அதாவது எழுபதுகளில் வெடித்த கலக ராக் இசை, அதன் ஆட்கள் எழுதிய மூன்று தன்வரலாறுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து முடித்த எரிச்சலில் எழுதுகிறேன். எல்லாருக்கும் எழுபது வயது ஆகிறது, எல்லார் கதையிலும் அந்த இசையைக் கண்டுபிடித்தது அவரவர்தான், பக்கத்தில் நின்று வாசித்தவன் எல்லாம் சும்மா. எழுதிவிட்டுப் போகட்டும். திரும்ப மேடை ஏறுவதைத்தான் தாங்க முடியவில்லை.

1978 ஜனவரி 14, சான் ஃபிரான்சிஸ்கோ, விண்டர்லேண்ட் அரங்கம். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பிரிட்டிஷ் பங்க் குழுவின் கச்சேரி முடிவில் அதன் பாடகர் ஜான் லைடன் மேடையில் மண்டியிட்டபடி கூட்டத்தைப் பார்த்து, ஏமாற்றப்பட்டது போல உங்களுக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு மைக்கைப் போட்டுவிட்டுப் போனார். அதோடு முடிந்திருந்தால் காவியம். 1996-இல் அதே குழு திரும்பி வந்து, காசுக்காகத்தான் வந்தோம் என்று வாய்விட்டுச் சொல்லியே ஊர் ஊராகப் பாடினார்கள். 2008-இல் அதற்கும் மேலே: ட்வீட் கோட்டு மாட்டிக்கொண்டு, பண்ணையார் வேடத்தில், லைடன் டிவியில் வெண்ணெய் விற்றார். 1977-இல் ராணியின் வெள்ளிவிழா நேரத்தில் பிபிசி தடை செய்த பாட்டைப் பாடிய அதே வாய்!

கிராஸ் என்ற இன்னொரு பங்க் குழுவைப் பாருங்கள். எஸ்ஸெக்ஸில் ஒரு பழைய வீட்டில் கூட்டாக வாழ்ந்தார்கள், 1979-இல் வந்த இரட்டை இசைத்தட்டின் உறையிலேயே '3 பவுண்டுக்கு மேல் கொடுக்காதே' என்று அச்சடித்தார்கள், 1984-இல் கலைந்தார்கள். நிறுத்தத் தெரிந்தவர்கள்.

தாம்பரம் ஃபாஸ்ட்:
சார், கும்பிட வேறு சாமி பாருங்கள். உங்கள் கிராஸின் பாடகர் ஸ்டீவ் இக்னரன்ட் 2007-இல் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயரில் அந்தக் குழுவின் முதல் இசைத்தட்டு முழுவதையும் மேடையில் பாடினார், கூட இருந்த பென்னி ரிம்போவுக்கே அது பிடிக்கவில்லை. நிறுத்தத் தெரிந்தவர்கள் என்றீர்களே, அது யார்?

வெண்ணெய்க்கு வருகிறேன். மேனேஜர் மால்கம் மெக்லாரனோடு வருஷக்கணக்கில் வழக்காடி 1986-இல்தான் பிஸ்டல்ஸின் உரிமைகள் அந்தப் பையன்கள் கைக்கு வந்தன. அதுவரை ஊரெல்லாம் டி-ஷர்ட், போஸ்டர், இவர்கள் மூஞ்சி, காசு மட்டும் எங்கேயோ. லைடனின் இன்னொரு குழு பப்ளிக் இமேஜ் லிமிடெட் 1992-இலிருந்து முடங்கிக் கிடந்தது, எந்தக் கம்பெனியும் பணம் போடவில்லை. அந்த விளம்பரக் காசில்தான் 2009-இல் குழுவை மறுபடி கூட்டினார், 2012-இல் சொந்த லேபிளில் தட்டு போட்டார். வெண்ணெய் விற்று யாருக்கும் கைகட்டாமல் பாட்டுப் போட்டவரா துரோகி? பட்டினி கிடந்து செத்திருந்தால் மாலை போட்டுக் கும்பிட்டிருப்பீர்கள், உயிரோடு இருக்கிறார் என்பதுதான் உங்கள் பிரச்சினை.

குறிஞ்சி:
வழக்கம்போல நாலு ஆம்பளைகளைப் பற்றியே சண்டை. 2016-இல் பிரிட்டிஷ் நூலகத்தில் பங்க் இசைக்கு 40 வயது என்று கண்காட்சி வைத்தார்கள். அங்கே பேச வந்தவர் விவ் அல்பர்ட்டைன், ஸ்லிட்ஸ் குழுவின் கிட்டார். அறிமுகப் பலகையில் பிஸ்டல்ஸ், கிளாஷ், பஸ்காக்ஸ் என்று ஆண்கள் குழுக்கள் மட்டும் இருந்தன. பேனாவை எடுத்தார், அந்தப் பெயர்களைக் கோடு போட்டு அடித்தார், ஸ்லிட்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், சூசி அண்ட் த பேன்ஷீஸ் என்று கையால் எழுதினார், 'பெண்கள் என்ன ஆனார்கள்!!' என்று கேட்டுக் கீழே கையெழுத்தும் போட்டார். அறுபது வயது தாண்டியவர், நூலகத்துக்குள், அதுவும் விருந்தாளியாக வந்த இடத்தில்.

பழையதைத் திரும்பிப் பார்ப்பது என்றால் எனக்கு அது. அவருடைய தன்வரலாற்றில் (2014) பெரிய பகுதி பங்க் முடிந்த பிறகு நடந்த கதைதான்: படம் இயக்கப் படித்தது, குழந்தைக்காகப் பட்ட பாடு, புற்றுநோய், கால் நூற்றாண்டு கிட்டாரையே தொடாதது, ஐம்பது தாண்டிய பிறகு பப்களில் யார் வேண்டுமானாலும் பாடலாம் என்ற இரவுகளில் தனியாகப் போய் நடுங்கிக்கொண்டே வாசித்தது. கரகரப்பு சார் படித்த மூன்றில் இது இல்லை என்று பந்தயம் கட்டுகிறேன்.

கரகரப்பு:
இல்லைதான். ஆனால் குறிஞ்சி, நீங்கள் சொல்வது என் கட்சிக்குத்தான் பலம். 2005-இல் ஸ்லிட்ஸை மறுபடி தொடங்கினார்களே, விவ் அதிலேயே தங்கிவிடவில்லை. தன் புதுப் பாட்டை எழுதி 2012-இல் தனித் தட்டு போட்டார். மீள்வருகை வேறு, வேலையைத் தொடர்வது வேறு.

ஈஸ்ட்ஹாம் தம்பி:
அண்ணை, நான் லண்டனில் இருக்கிறன், ஜாய் டிவிஷன் குழுவில பேஸ் கிட்டார் வாசிச்ச பீட்டர் ஹுக்கை நேரில் பார்த்தனான், அதால ஒரு வார்த்தை. அந்தக் குழுவின்ரை பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம் தற்கொலை செய்தார், மிச்சப் பேர் நியூ ஆர்டர் என்ற குழு ஆனவை. ஹுக் 2007-இல் விலகினார், மற்றவை 2011-இல் அவர் இல்லாமலே அந்தப் பெயரில் தொடங்க, 2015-இல் கோர்ட்டுக்குப் போய் 2017-இல்தான் சமாதானம். ஆனால் மேடையில் நான் கண்டது வேறை. ஜாய் டிவிஷனின் தட்டை முதல் பாட்டிலிருந்து கடைசி வரை வரிசையாக வாசிக்கினம். முழங்கால் உயரத்தில் பேஸ் கிட்டார் தொங்குது, ஆனால் பாடுற பொறுப்பும் இப்ப அவருக்குத்தான், அதால பாதி நேரம் கை சும்மா கிடக்குது. அந்த நேரம் அவற்றை பேஸ் வாசிப்பை அப்படியே பக்கத்தில் நிண்டு வாசிக்கிறது அவற்றை மகன் ஜாக். மகன் தகப்பனைவிடத் துல்லியமாக வாசிக்கிறான், தகப்பன் செத்த நண்பனுக்குப் பதிலாகப் பாடுறார். காசுக்காக என்று சொன்னால் சொல்லுங்கோ, எனக்கு அண்டைக்கு அழுகை வந்திட்டுது.

மற்றது, எங்கட ஈழத்தமிழ்ப் பாடகி மாயா, எம்.ஐ.ஏ. 2007-இல் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டுக்கு கிளாஷின் பழைய கிட்டார் சுழற்சியைத்தான் எடுத்தா. எழுதியவர் பட்டியலில் கிளாஷ்காரர் நாலு பேருக்கும் பெயர் இருக்குது. ஒருத்தரும் மேடை ஏற வேண்டி வரேல்லை.

கரகரப்பு:
தம்பி, கடைசியாகச் சொன்னதுதான் சரியான வழி. வயர் என்ற பங்க் குழு செய்ததும் தெரியுமா? 1987-இல் அமெரிக்கா போனபோது, 1977-இல் வந்த முதல் தட்டின் பாட்டுகளை வாசிக்கவே மாட்டோம் என்றார்கள். அந்த 21 பாட்டும் அவர்களைவிட நன்றாகத் தெரிந்த ரசிகர் குழு ஒன்று இருந்தது, அதைக் கூடவே கூட்டிப்போய் முதலில் மேடை ஏற்றினார்கள். பழசு வேண்டுமா, இந்தா, அந்தப் பையன்கள் வாசிப்பார்கள், அப்புறம் நாங்கள் புதுசு வாசிப்போம். எனக்கு இதுதான் பங்க்.

தாம்பரம் ஃபாஸ்ட்:
ஒத்துக்கொள்கிறேன், அட்டகாசம். ஆனால் அதே கணக்கில் 2021-க்கு வாருங்கள். பிஸ்டல்ஸின் கிட்டார் ஸ்டீவ் ஜோன்ஸின் தன்வரலாற்றை வைத்து டிவி தொடர் எடுத்தார்கள், அதில் பிஸ்டல்ஸ் பாட்டைப் போட லைடன் முடியாது என்றார். ஜோன்ஸும் டிரம்ஸ் வாசித்த பால் குக்கும் லண்டன் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1998-இல் தங்களுக்குள் போட்ட ஒப்பந்தப்படி பெரும்பான்மை சொல்வதே முடிவு என்று வாதம், லைடன் தோற்றார். ஆக, பழசை விற்காதே என்று கோர்ட்டில் நின்றது யார்? உங்கள் வெண்ணெய்க்காரர். இப்போது யார் பக்கம் நிற்கிறீர்கள்?

கரகரப்பு:
வசமாக மாட்டிவிட்டீர்களே. லைடன் பக்கம்தான். சொல்லும்போதே நாக்கு கசக்கிறது.

அவர் கொள்கைக்காக மறுத்தாரா, கதை தன் கையில் இல்லை என்ற கடுப்பில் மறுத்தாரா என்று கேட்காதீர்கள். இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

குறிஞ்சி:
2024-இல் அவரை விட்டுவிட்டு ஜோன்ஸ், குக், பிஸ்டல்ஸின் பழைய பேஸ் கிட்டார் கிளென் மேட்லாக் மூவரும் ஃபிராங்க் கார்ட்டர் என்ற இளைய பாடகரைப் பாட வைத்து மேடை ஏறினார்கள். முதல் கச்சேரிகள் மேற்கு லண்டனில் புஷ் ஹால் என்ற சின்ன அரங்கம் மூடப்படாமல் இருக்க நிதி திரட்ட. கார்ட்டர் பிறந்தது 1984, உங்கள் கிராஸ் கலைந்த வருஷம், சார்! கிட்டத்தட்ட முப்பது வயது இளையவன் வந்து கத்துகிறான், அந்தப் பாட்டுக்கு இளமையான குரல்தானே வேண்டும். லைடன் இல்லாததால் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அடிக்க வருவீர்கள், தெரியும்.

கரகரப்பு:
அடிக்க வரவில்லை. அது பிஸ்டல்ஸ் இல்லை, பிஸ்டல்ஸ் பாட்டை நன்றாக வாசிக்கத் தெரிந்த மூன்று பெரியவர்கள். அப்படிப் பெயர் போட்டு டிக்கெட் விற்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஈஸ்ட்ஹாம் தம்பி:
அண்ணைக்கு ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் படுக்கப் போறன். 2002 நவம்பர் 15, ஆக்டன் டவுன் ஹால், தீயணைப்புப் படையினரின் தொழிற்சங்கத்துக்காக கிளாஷின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் தன்ரை புதுக் குழுவோடு பாடினார். கிளாஷ் உடையிறதுக்கு முதல் அவரே வெளியே அனுப்பின, அந்தக் குழுவின்ரை கிட்டார் மிக் ஜோன்ஸ் அண்டைக்குக் கூட்டத்தில் நிண்டவர். திடீரென்று மேடை ஏறி கிட்டாரை எடுத்திட்டார். 1983-க்குப் பிறகு ரெண்டு பேரும் ஒரே மேடையில் வாசிச்சது அண்டைக்குத்தான். மூண்டு பாட்டு, அதில ஒண்டு லண்டன் எரியுது என்ற பாட்டு, தீயணைப்புக்காரருக்கு முன்னால! அடுத்த மாசம் 22-ஆம் திகதி ஸ்ட்ரம்மர் செத்துப்போனார், வயசு 50.

இதை வேண்டாம் என்று சொல்லுவியளோ?

கரகரப்பு:
சொல்ல மாட்டேன் தம்பி. அதற்கு ஒருவரும் போஸ்டர் அடிக்கவில்லையே.

தாம்பரம் ஃபாஸ்ட்:
போஸ்டர் அடித்திருந்தால் மட்டும் போகாமல் இருந்திருப்பீர்களாக்கும்.